மலையகத்தில் கராத்தே, சிலம்பம் பழகுபவர்களுக்கு: சாப்பாடும் பயிற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எங்கே இருந்தாலும் சரி, பாடசாலை மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ கிழமைக்கு இரண்டு மூன்று நாள் பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் சண்டையையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கானவை. காலையில் ஜிம், பகலில் தூக்கம், பின்னேரம் மறுபடி பயிற்சி. நம்மில் யாருக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கிறது? வகுப்பில் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, இங்கே கிடைக்கும் சாப்பாட்டையும் இங்கே உள்ள வேலையையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

பகல் முழுக்க வேலை, பின்னேரம் வகுப்பு. அரை மணித்தியாலத்திலேயே கால் துவண்டுபோகிறது. ஸ்டெமினாவுக்கு இன்னும் ஓட வேண்டுமா?

வேண்டாம். முதலில் உங்கள் பகலைக் கணக்கில் எடுங்கள்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், சரிவில் கால் ஊன்றி நின்று மணிக்கணக்காகத் தேயிலைக் கொழுந்து எடுத்து, நிறைந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறி இறங்குவது சும்மா வேலை கிடையாது. விளையாட்டுப் பயிற்சியாளர்கள் நிதானமான நீண்ட பயிற்சி என்று சொல்வது இதைத்தான், அதுவும் சுமையோடு. கவ்வாத்து வெட்டுபவர், மரக்கறித் தோட்டத்தில் மண் கொத்துபவர், கடையில் மூட்டை இறக்குபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். சம்பளத்துக்குச் செய்த வேலை, ஆசைக்குச் செய்த பயிற்சி என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுதுகிறது. அதை மறந்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்பதற்காக இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் களைப்புதான் கூடும்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு அக்கா, கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் வந்து உட்கார்ந்தால் விரல்கள் முழுதாக மடங்காது, முஷ்டி பிடிக்கவே கொஞ்ச நேரம் எடுக்கும், நுனி விரல்கள் கறுத்து வெடித்திருக்கும். அந்த மாதிரி நாளில் அவரைப் பேட் அடிக்க விடுவதில்லை. கால் எடுத்து வைப்பது, எதிராளியின் தூரத்தைக் கணிப்பது, எப்போது உள்ளே போவது, எப்போது விலகுவது, இவ்வளவுதான். வலுவை உறிஞ்சும் பயிற்சி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. இன்றைக்கு வகுப்பிலேயே ஆகத் தெளிவாக நகர்பவர் அவர்.

ஆகவே உடல் வேலை செய்பவர்கள், மூச்சு வாங்கும் கடும் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு நாளோடு நிறுத்துங்கள், மற்ற நாட்களில் நுட்பம். கடையில் உட்கார்ந்திருப்பவர், ஓட்டோ ஓடுபவர், பரீட்சைக்குப் படிப்பவர் என்றால் கதை வேறு, உங்களுக்குத்தான் ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் தேவை.

சரி, அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்? காலையில் கண் விழித்ததும் எண்ணும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியே இருக்கும், தூக்கம் கெடும், பசி குறையும், போன மாதம் லேசாகச் செய்த உதை இப்போது பாரமாக இருக்கும். இதெல்லாம் ஒரு கிழமைக்கு மேல் நீடித்தால் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

வீட்டில் இறைச்சி எப்போதாவதுதான். புரதத்துக்கு என்ன செய்வது?

இதைத்தான் ஆகக் கூடுதலாகக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் போதும் என்பது விளையாட்டு உணவியலில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நடுவில் 1.6 என்று வைத்தால், 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 95 கிராம்.

இப்போது நம் வழக்கமான சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும், பகல் அதே ரொட்டி அல்லது சோறும் ஒரு மரக்கறியும், இரவு மறுபடி ரொட்டி. வயிறு நிறைகிறது, வேலைக்குத் தெம்பும் வருகிறது, ஆனால் 100 கிராம் கோதுமை மாவில் புரதம் ஏறக்குறைய 10 கிராம்தான். நாள் முழுக்கச் சேர்த்தாலும் 40, 50 கிராமைத் தாண்டுவது கஷ்டம். ரொட்டியை விடச் சொல்லவில்லை, ரொட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தோட்டத்துக் கடையிலேயே கிடைக்கும் சாமான்களின் கணக்கு இது: ஒரு முட்டையில் 6 கிராம். மைசூர் பருப்பு, பாசிப்பயறு, கௌபி எல்லாம் சமைக்காத 100 கிராமுக்கு 23, 24 அளவில் வரும், கடலை 20க்குக் கிட்ட. சோயா மீட் காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், அதாவது 30 கிராம் போட்டால் 15 கிராம். நெத்தலிக் கருவாடு ஒரு கைப்பிடி, 25 கிராம் அளவு, குறைந்தது 12 கிராம் தரும், எலும்போடு சாப்பிடுவதால் கல்சியமும் சேர்த்து. உப்பு கூட என்பதால் சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பொரியுங்கள்.

சேர்த்துப் பாருங்கள். காலை ரொட்டியோடு இரண்டு அவித்த முட்டை, பத்து மணிக்கு ஒரு கோப்பை அவித்த கடலை அல்லது கௌபி, பகல் சோற்றோடு கெட்டியான பருப்பும் நெத்தலியும், இரவு சோயா மீட் கறி. சோறும் ரொட்டியும் தருவதையும் கூட்டினால் 90ஐத் தொட்டுவிடும். இதில் கடையில் தேடியலையும் சாமான் ஒன்றுகூட இல்லை. முக்கியமான விஷயம் பருப்பைத் தண்ணீர் மாதிரி வைக்காமல் இருப்பது. எட்டுப் பேருக்கு ஒரு சுண்டு பருப்பை நீட்டி வைத்த சொதியில் நிறம்தான் இருக்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பருப்பும் சோறும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றில் குறைவதை மற்றது ஈடுசெய்யும். பால், தயிர், முட்டை எதுவுமே எடுக்காதவர்களுக்கு மட்டும் விற்றமின் பி12 தனியாகத் தேவை, தாவர உணவில் அது கிடைப்பதில்லை.

புரோட்டீன் பவுடர், கிரியேட்டின் வாங்கலாமா?

மேலே சொன்ன சாப்பாடு ஒழுங்காக நடந்தால் பவுடர் தேவையில்லை. பவுடர் என்பது பெரும்பாலும் பாலில் இருந்து எடுத்த புரதம்தான், அதில் வேறு அதிசயம் எதுவும் கிடையாது. தசை வலுவுக்காக எடுக்கும் கிரியேட்டின் மட்டும் உண்மையிலேயே ஆராய்ச்சிகளில் நிலைத்து நின்ற பொருள், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம். ஆனாலும் அந்தக் காசு முதலில் முட்டைக்குப் போகட்டும். பெயர் தெரியாத டப்பாக்களை நண்பர் கொடுத்தார் என்று குடிக்கவே வேண்டாம், லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட மருந்து அதில் கலந்திருந்து பரிசோதனையில் பிடிபட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

தேத்தண்ணி குடிப்பது கெடுதலா?

கெடுதல் இல்லை, நேரம்தான் பிரச்சினை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேத்தண்ணி, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. இறைச்சி அதிகம் சாப்பிடாத நமக்கு இரும்புச்சத்து வருவதே அந்தப் பருப்பிலும் கீரையிலும் இருந்துதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொண்டாலோ பிறகு ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டாலோ அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்து சேர உதவும்.

சீனி இன்னொரு கதை. நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் நாற்பது ஐம்பது கிராம் சீனி, கிட்டத்தட்ட 200 கலோரி. எடை குறைக்க வேண்டும் என்று சோற்றைக் குறைப்பவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

வகுப்புக்கு முன்னால் என்ன சாப்பிடுவது?

பகல் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு, வகுப்பு ஐந்தரைக்கு என்றால் வெறும் வயிற்றோடுதான் வருகிறீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு துண்டு பாணும் ஜாமும், அல்லது அவித்த மரவள்ளிக்கிழங்கு கொஞ்சம். ரோல்ஸ், பற்றீஸ் மாதிரி எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், உதைக்கும்போது மேலே வரும். முடிந்து வீட்டுக்குப் போனதும் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், களைப்பில் அப்படியே படுத்துவிடும் பிள்ளைகளைப் பெற்றோர் எழுப்பியாவது சாப்பிட வையுங்கள்.

இங்கே குளிரில் தாகமே எடுப்பதில்லை. தண்ணீர் அவசியமா?

அவசியம். குளிரில் வியர்வை தெரியாது, ஆனால் கராத்தே உடுப்பைக் கழற்றிப் பிழிந்தால் தெரியும். வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம், அடுத்த சில மணித்தியாலங்களில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒன்றேகால் ஒன்றரை லீட்டர் வரை குடிக்க வேண்டும். சாதாரண வகுப்புக்குத் தண்ணீரும் வழக்கமான சாப்பாட்டு உப்பும் போதும். நாள் முழுக்கப் போட்டி என்றால் தேசிக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் சீனியும் உப்பும் போட்டுக்கொண்டு போங்கள்.

நாங்கள் உயரத்தில் வாழ்கிறோம், கொழும்பில் போட்டி என்றால் நமக்கு மூச்சு அதிகமா?

அதை நம்பி இறங்க வேண்டாம். நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர், ஹட்டன் 1,270 அளவு. விளையாட்டு வீரர்கள் உயரப் பயிற்சிக்கென்று தேடிப்போவது பொதுவாக 2,000 மீற்றருக்கு மேல். நுவரெலியாக்காரருக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம், ஹட்டன், பண்டாரவளைக்காரர் அதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை.

உண்மையில் நம் பிள்ளைகளை அடித்துப்போடுவது வெக்கை. இருபது பாகைக்கும் கீழே பழகிவிட்டு, முதல் நாள் இரவு பஸ்ஸில் இறங்கி, முப்பதைத் தாண்டிய ஈர வெக்கையில் தடித்த உடுப்போடு இரண்டாவது சுற்றுக்கு நிற்கும்போது கால் நகராது. வெக்கைக்கு உடம்பு பழக ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வேண்டும். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு கிழமை முன்னதாகப் போய் லேசாகப் பழகுவது பெரிய உதவி. அது முடியாதவர்கள் கடைசி இரண்டு கிழமையும் மதிய வெயிலில், உடுப்புக்கு உள்ளே இன்னொரு பெனியனும் போட்டுக்கொண்டு, இடைக்கிடை தண்ணீர் குடித்தபடி அரை மணித்தியாலம் நிதானமாகப் பழகுங்கள், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு மட்டும் இது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். போட்டி நாளில் சுற்றுகளுக்கு நடுவே மேல் உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியைக் கழுத்திலும் முகத்திலும் போடுங்கள்.

காலையில் தோட்டத்து ரோட்டில் ஓடுகிறேன், முழங்கால் வலிக்கிறது.

ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். மேட்டில் ஓடுவது இதயத்துக்கும் தொடைக்கும் அருமையான பயிற்சி, முழங்காலில் அடியும் குறைவு. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அடுத்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள் படியில் இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். ஒரு முப்பது விநாடி மேடு பார்த்து வையுங்கள், வேகமாக ஏறி, நடந்து இறங்கி, ஆறு முறை செய்தால் போதும், சமதரையில் ஓடும் நாலு கிலோமீட்டரைவிட அது குமிதேக்கு, அதாவது எதிராளியோடு மோதும் கராத்தேச் சண்டைக்கு, நல்லது. சுற்றுகளும் அப்படித்தானே, கொஞ்ச நேரம் வெடித்துப் பிறகு மூச்சுப் பிடிப்பது.

மழைக்காலத்தில் பாசி பிடித்த கல்படியில் ஓடவே வேண்டாம். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் சிவனொளிபாதமலை: நல்லதண்ணிப் பக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட படி, ஏறுவது பயிற்சிதான், ஆனால் இறங்கிய பிறகு கால் தேற ஒரு கிழமை பிடிக்கும். போட்டிக்கோ பெல்ட் பரீட்சைக்கோ பத்து நாள் இருக்கும்போது நேர்த்திக்கடன் வைக்காதீர்கள்.

போட்டிக்கு மூன்று கிலோ குறைக்க வேண்டும், ஒரு கிழமைதான் இருக்கிறது.

மேல் பிரிவில் இறங்குங்கள். உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதியில் பெரிய ஆண்களுக்கு 60, 67, 75, 84 என்று எல்லைகள், பெண்களுக்கு 50, 55, 61, 68. எழுபது கிலோக்காரர் 67க்கு ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் ஒரு கிழமையில் மூன்று கிலோ கொழுப்பு போகாது, போவது தண்ணீர். தண்ணீர் போன உடம்பில் வேகமும் குறையும், எதிர்வினையும் குறையும்.

இதை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1997இன் கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், சில கிழமை இடைவெளியில், எடை குறைக்கப்போய் உயிரை விட்டார்கள். சூடாக்கிய இடத்தில் றப்பர் உடுப்புப் போட்டு வியர்க்க வைத்த, பயிற்சி பெற்ற இளைஞர்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்த விதிகளை மாற்றினார்கள். இங்கே குப்பை பேக்கை உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடுவதும், சாப்பிடாமல் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பதும், பேதி மருந்து குடிப்பதும் அதே வழிதான். சிறுநீர் போக்கும் மாத்திரை உலக ஊக்கமருந்துத் தடைப்பட்டியலிலும் இருக்கிறது.

நேர்மையான வழி ஆறு முதல் எட்டுக் கிழமை. கிழமைக்கு அரைக் கிலோ, புரதத்தைத் தொடாமல், சீனித் தேத்தண்ணியையும் எண்ணெய்ப் பண்டத்தையும் இரவில் மூன்றாவது ரொட்டியையும் குறைத்து. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இதுவும் கிடையாது. வளரும் பிள்ளை அன்றைக்கு என்ன எடையோ அந்தப் பிரிவு. பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் மாஸ்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த வகுப்பை விட்டு எடுத்துவிடுங்கள்.

ஜிம் இல்லை. பலம் கூட்ட என்ன வழி?

பழைய முதுகுப்பைக்குள் மணல் நிரப்பிய போத்தல்கள், ஒரு உறுதியான மரக்கிளை, ஒரு படிக்கட்டு. பையைச் சுமந்து உட்கார்ந்து எழும்புவது, ஒரு காலை முன்வைத்து இறங்குவது, கிளையில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, தண்டால், முழங்கையில் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது. கிழமைக்கு இரண்டு முறை, முப்பது நிமிடம். எட்டு முதல் பன்னிரண்டு தடவைக்குள் கஷ்டமாகும் அளவுக்குச் சுமையை வையுங்கள், லேசாகிவிட்டால் மணலைக் கூட்டுங்கள். சிலம்பம் சுற்றுபவர்கள் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கூடுதல் கவனம் கொடுங்கள், கம்பு நீளம் கூடக்கூட அங்கேதான் பாரம் விழும்.

மகளுக்கு மாதவிடாய் நேரத்தில் பயிற்சி செய்யலாமா? அடிக்கடி தலைசுற்றல் வேறு.

செய்யலாம். உடம்பு இடம்கொடுக்கும் அளவுக்கு, வலி கூடினால் அன்றைக்கு ஓய்வு. அந்த நாட்களில் உதைத்தால் கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்று சொல்வதில் உண்மை இல்லை.

தலைசுற்றலை விட்டுவிடாதீர்கள். தோட்டப்பகுதிப் பெண்களிடம் இரத்தச்சோகை நிறைய இருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்கும், கண் கீழ்இமை வெளிறும், பயிற்சியில் முன்னேற்றமே தெரியாது, பாவம் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசிக்கொண்டிருப்போம். அரச ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், பருவம் வந்த பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் சிகிச்சை தேவை, மாத்திரையை டொக்டர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். இன்னொன்று, பயிற்சி கூடி சாப்பாடு குறைந்து, மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது உடம்பு பட்டினியில் இருப்பதன் அறிகுறி, கட்டாயம் காட்டுங்கள்.

கந்தசஷ்டி, ரமழான் நோன்பு, ஐயப்ப மாலை காலத்தில்?

மாலை போட்டவர்களுக்குச் சைவச் சாப்பாடு மட்டும்தான், பருப்பு, கடலை, பால் இருக்கும்வரை பயிற்சியில் குறைவு வராது. நோன்பு பிடிப்பவர்கள் நுட்பப் பயிற்சியை நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னும், கடும் பயிற்சியைத் திறந்து சாப்பிட்ட பிறகும் வையுங்கள். சஷ்டியில் ஆறு நாளும் பால் பழத்தோடு இருப்பவர்கள் குமிதே வேண்டாம், தனியாகச் செய்யும் அசைவு வரிசையான காத்தா மட்டும்.

தலையில் உதை பட்டது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டான். தொடரலாமா?

அன்றைக்கு இல்லை. மயங்கி விழாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம்: தலைவலி, குமட்டல், வெறித்த பார்வை, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது, போட்டி இறுதிச்சுற்றாக இருந்தாலும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் லேசான நடையும், பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு. எதிராளியோடு மோதுவது கடைசிப் படி, அதுவும் டொக்டர் சரி என்ற பிறகு.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பக் கஷ்டமான தூக்கம், ஒரு பக்கம் பலவீனம் என்றால் உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து ரோட்டில் வண்டி வந்துசேர நேரம் எடுக்கும் என்பதால் காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். தலைக்கவசம் போட்டிருந்தானே என்பது ஆறுதல் இல்லை. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

மழைக்காலத்தில் உடுப்பு காய்வதில்லை, உடம்பெல்லாம் வட்ட வட்டமாக அரிப்பு.

படர்தாமரை. ஈர உடுப்பிலும் ஒருவர் மேல் ஒருவர் உராய்வதிலும் பரவும். வகுப்பு முடிந்து ஈரத்தோடு வீடுவரை நடக்காமல் மாற்று பெனியன் ஒன்று பையில் வையுங்கள், குளித்துவிட்டு விரலிடுக்கு, தொடையிடுக்கு எல்லாம் துடைத்துக் காயவிடுங்கள். உடுப்பு இரண்டு வாங்க முடியாவிட்டால் சும்மா பயிற்சிக்கு டீசேர்ட் போதும் என்று மாஸ்டரிடம் கேளுங்கள், நல்ல மாஸ்டர் மறுக்கமாட்டார். அடுப்படியில் தொங்கவிட்டாவது முழுதாகக் காய்ந்த பிறகே போடுங்கள். பூஞ்சைக்கான களிம்பை அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை பூசுங்கள். ஸ்டீரொயிட் கலந்த களிம்பு முதலில் சுகம் தருவதுபோல் காட்டி உள்ளுக்குள் பரவ விட்டுவிடும், பார்மசியில் கேட்டு வாங்கும்போது அதைக் கவனியுங்கள். ஆறும்வரை பிடிசண்டை, சோடிப் பயிற்சி வேண்டாம், தனியாகக் காத்தா செய்யலாம், பாயை வகுப்பு முடிந்ததும் துடைத்து வெயில் வரும் நாளில் வெளியே விரியுங்கள்.